ஜான் சௌனிங்

ஜான் சௌனிங் (பிறப்பு: ஆகஸ்ட் 22, 1934) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த இசையமைப்பாளரும் இசை ஆய்வாளரும் பேராசிரியரும் ஆவார். கணினி இசையின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். அதிர்வெண் பண்பேற்றத்தின் மூலம் இசையொலிகளைத் தொகுக்கும் முறையை இவர் 1967 ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார். யமஹா நிறுவனம் 1983 இல் வெளியிட்ட டிஎக்ஸ்7 என்னும் மின்னணு இசைக்கருவி இம்முறையை அடிப்படையாகக் கொண்டது.

சௌனிங் பொறியாளர் அல்லர், கணிதவியலாளரும் அல்லர். இசையமைப்பில் பட்டம் பெற்றவர். தம் இசைக்கு வேண்டிய ஒலிகளைத் தேடும் முயற்சியின் நடுவிலேயே இக்கண்டுபிடிப்பை இவர் நிகழ்த்தினார். ஆயினும் அம்முயற்சியின் மதிப்பைப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் உணரவில்லை. இசையமைப்பாளர் ஒருவர் பல்கலைக்கழகத்தில் செய்யும் ஆய்வு எத்தகையது, அதன் பயனை எவ்வாறு அளப்பது என்னும் வினாக்களுக்கு இவருடைய வாழ்க்கை ஓர் எடுத்துக்காட்டாக விளங்குகின்றது.

பின்னணி

மின்னணுக் கருவிகளைக் கொண்டு இசை படைக்கும் முயற்சிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஐரோப்பாவில் வலுப்பெற்றன. பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பியேர் ஷேஃபர் 1948 இல், பதிவு செய்யப்பட்ட தொடர்வண்டி ஓசை முதலிய ஒலிகளைக் கோத்து இசையாக்கினார். 1950களில் ஜெர்மனியின் கோல்ன் வானொலி நிலையத்தில் ஸ்டாக்ஹவுசன் முதலியோர், மின்சுற்றுகள் பிறப்பிக்கும் ஒலிகளைக் கொண்டே இசை அமைத்தனர். 1959 இல் கொலம்பியா, பிரின்ஸ்டன் ஆகிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக மின்னணு இசை மையம் ஒன்றை நிறுவின. இம்மையங்களில் காந்த நாடாவும் மின்சுற்றுகளுமே முதன்மைக் கருவிகளாக இருந்தன.

கணினி இதிலிருந்து வேறுபட்ட வழியைத் திறந்தது. ஒலி என்பது காற்றழுத்தத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கம் ஆகும். அந்த ஏற்ற இறக்கத்தை நொடிக்குப் பல்லாயிரம் எண்களாக எழுதி, அவ்வெண்களை மின்னழுத்தமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் ஒலி பிறக்கும். எனவே எண்களைக் கணிக்க வல்ல பொறி எதுவும் கொள்கையளவில் எந்த ஒலியையும் பிறப்பிக்க இயலும். 1957 இல் பெல் ஆய்வுகூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் என்னும் பொறியாளர் இதற்கான நிரல் ஒன்றை எழுதினார். அந்நிரல் பிறப்பித்த முதல் இசைத்துண்டு 17 நொடிகள் மட்டுமே நீடித்தது. மேத்யூஸ் இந்நிரலைத் தொடர்ந்து மேம்படுத்தி, மியூசிக் 4 முதலிய பதிப்புகளை உருவாக்கினார்.

இங்கே ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். அதே காலப்பகுதியில் இலினொய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லரும் லெனர்ட் ஐசக்சனும் கணினியைக் கொண்டு இலியாக் சூட் என்னும் படைப்பை உருவாக்கினர். அதில் கணினி சுரங்களைத் தெரிவு செய்தது. வாசித்தவர்கள் நான்கு மனிதர்களே. மேத்யூசின் முறையில் கணினியே ஒலியைப் பிறப்பித்தது. சௌனிங்கின் பணி இந்த இரண்டாம் வழியைச் சார்ந்தது.

இளமையும் கல்வியும்

சௌனிங் நியூ ஜெர்சி மாநிலத்தின் சேலம் நகரில் பிறந்தார். தாளக்கருவிகள் வாசிப்பதில் பயிற்சி பெற்றார். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியபோது கடற்படையின் இசைப்பள்ளியில் பயின்றார். பின்னர் ஒகையோ மாநிலத்தில் உள்ள விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1959 இல் இசையில் இளநிலைப் பட்டம் பெற்றார்.

அதன் பின் பாரிஸ் சென்று, புகழ்பெற்ற இசை ஆசிரியரான நாதியா பூலான்ஜேயிடம் இசையமைப்புப் பயின்றார். அக்காலத்தில் பாரிசில் நடைபெற்ற புத்திசை நிகழ்ச்சிகளில் ஒலிபெருக்கிகள் வழியாக ஒலிக்கும் மின்னணு இசையை முதன்முறையாகக் கேட்டார். ஒலிபெருக்கியையே ஓர் இசைக்கருவியாகக் கொள்ளலாம் என்னும் எண்ணம் அங்கே இவருக்குத் தோன்றியது.

1962 இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பில் சேர்ந்தார். இசையமைப்பாளர் லீலண்ட் ஸ்மித்திடம் பயின்று 1966 இல் இசையமைப்பில் முனைவர் பட்டம் பெற்றார். அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகவும் பணியாற்றத் தொடங்கினார்.

கணினியை நாடிய வழி

ஸ்டான்போர்டில் அப்பொழுது மின்னணு இசைக்கென ஒலிக்கூடம் எதுவும் இருக்கவில்லை. மேத்யூஸ் 1963 நவம்பரில் சயன்ஸ் இதழில், கணினியை இசைக்கருவியாகப் பயன்படுத்துவது பற்றிக் கட்டுரை ஒன்று எழுதியிருந்தார். பல்கலைக்கழக இசைக்குழுவில் சௌனிங்குடன் வாசித்த ஒருவர் இக்கட்டுரையை இவரிடம் கொடுத்தார். கணினியால் பிறப்பிக்கக்கூடிய ஒலிகளுக்குக் கொள்கையளவில் வரம்பு இல்லை என்னும் அதன் வாதம் இவரைக் கவர்ந்தது. விலையுயர்ந்த மின்கருவிகள் வேண்டியதில்லை; பல்கலைக்கழகத்தில் ஏற்கனவே உள்ள கணினியும் ஒரு நிரலும் போதும் என்பதை இவர் உணர்ந்தார்.

1964 கோடையில் இவர் பெல் ஆய்வுகூடத்துக்குச் சென்று மேத்யூசைச் சந்தித்தார். மியூசிக் 4 நிரலைக் கொண்ட துளையட்டைப் பெட்டியுடன் திரும்பினார். கணினியை இதற்கு முன் தொட்டறியாத இவருக்கு டேவிட் பூல் என்னும் மாணவர் துணை நின்றார். இருவரும் சேர்ந்து ஸ்டான்போர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தின் கணினியில் இந்நிரலை இயக்கினர். ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. எனவே இசைப்பணி பெரும்பாலும் மற்றவர்கள் உறங்கும் இரவு நேரங்களிலேயே நடந்தது. சில நொடிகள் ஒலியைக் கணிப்பதற்குக்கூடக் கணினிக்கு நீண்ட நேரம் தேவைப்பட்டது. இசையமைப்பாளர் தாம் எழுதியது எவ்வாறு ஒலிக்கும் என்பதை அறியக் காத்திருக்க வேண்டும்.

அச்சூழலில் ஒரு நன்மையும் இருந்தது. பொறியாளர்கள், மொழியியலாளர்கள், உளவியலாளர்கள், மெய்யியலாளர்கள் ஆகியோர் அதே கூடத்தில் பணியாற்றினர். ஐயம் எழுந்தால் உடனே ஒருவரைக் கேட்க முடிந்தது. தாம் அறியாத துறைகளை இவ்வாறு கேட்டுக் கேட்டே சௌனிங் கற்றுக்கொண்டார்.

நகரும் ஒலிகள்

சௌனிங்கின் முதல் ஆய்வு ஒலி பிறக்கும் இடம் பற்றியது. ஒலிபெருக்கிகள் அறையின் மூலைகளில் அசையாது நிற்கின்றன. எனினும் ஒலி அவற்றுக்கு இடையிலும் அவற்றுக்கு அப்பாலும் நகர்வதாகக் கேட்போர் உணரச் செய்ய முடியுமா என்பது இவருடைய வினாவாகும். இதற்கு மூன்று வழிகளை இவர் இணைத்தார்.

முதலாவது, திசை. கேட்போரைச் சுற்றி நான்கு ஒலிபெருக்கிகளை அமைத்து, ஒலியின் வலிமையை அவற்றுக்கிடையே பகிர்ந்தளித்தால் திசையுணர்வு ஏற்படும்.

இரண்டாவது, தொலைவு. ஒருவர் தொலைவிலிருந்து உரக்கப் பேசுவதையும் அருகிலிருந்து மெல்லப் பேசுவதையும் நம் செவி எளிதில் பிரித்தறிகின்றது. இதற்கு உரப்பு மட்டும் காரணம் அன்று. பெரிய மண்டபத்தில் ஒருவர் விலகிச் செல்லும்போது, அவரிடமிருந்து நேரடியாக வரும் ஒலி விரைவாகக் குறைகின்றது. சுவர்களில் பட்டு வரும் எதிர்முழக்கம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள விகிதமே தொலைவை உணர்த்துகின்றது. சௌனிங் இவ்விகிதத்தைக் கணினியில் கட்டுப்படுத்தினார்.

மூன்றாவது, வேகம். நம்மை நோக்கி விரையும் ஊர்தியின் ஊதொலி உயர்ந்தும், விலகிச் செல்கையில் தாழ்ந்தும் கேட்பது டாப்ளர் விளைவு ஆகும். இம்மாற்றத்தையும் சேர்த்தபோது ஒலி உண்மையில் பறந்து செல்வதுபோல் தோன்றியது. இவ்வாய்வு 1971 இல் ஒலிப்பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் கட்டுரையாக வெளிவந்தது.

அதிர்வெண் பண்பேற்ற முறை

கண்டுபிடிப்பு

ஒலியை நகரச் செய்வதற்கு, அது முதலில் செவிக்கு எளிதில் பிடிபடும் உயிருள்ள ஒலியாக இருத்தல் வேண்டும். கணினி எளிதாகத் தரும் சைன் அலை ஒரே சீராக ஒலிக்கும். செவிக்கு அது விரைவில் சலித்துவிடும். எனவே சௌனிங் அதற்குச் சிறு அசைவைத் தர முயன்றார். பாடகரின் குரலும் வயலினின் ஒலியும் ஒரு சுரத்தில் நிற்கும்போது, நொடிக்கு ஏறத்தாழ ஐந்து அல்லது ஆறு முறை மேலும் கீழுமாக மெல்ல அசைகின்றன. கர்நாடக இசையில் கம்பிதம் எனப்படும் அசைவை அறிந்தவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

1967 இல் ஓர் இரவு சௌனிங் இவ்வசைவின் வேகத்தையும் வீச்சையும் படிப்படியாக மிகைப்படுத்திப் பார்த்தார். மனிதக் கைகளாலோ குரலாலோ எட்ட முடியாத அளவுக்கு அவற்றை உயர்த்தியபோது எதிர்பாராத விளைவு ஏற்பட்டது. அசைவு அசைவாகக் கேட்கவில்லை. அதற்கு மாறாக முற்றிலும் புதியதொரு நாதப்பண்பு கேட்டது. ஒரே சுருதியில், ஒரே உரப்பில் ஒலித்தாலும் வீணையையும் நாதசுவரத்தையும் வேறுபடுத்திக் காட்டும் பண்பே நாதப்பண்பு எனப்படும்.

அதிர்வெண் பண்பேற்றம் என்னும் கருத்து வானொலிப் பொறியாளர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்ததே. பண்பலை வானொலி அதன் வழியேதான் இயங்குகின்றது. ஆனால் வானொலியில் அலைபரப்பும் அலை செவிக்குக் கேளாத மிக உயர்ந்த அதிர்வெண் கொண்டது. பண்பேற்றும் அலை, பண்பேற்றப்படும் அலை ஆகிய இரண்டையும் செவிக்குக் கேட்கும் எல்லைக்குள் கொண்டுவந்து, அதன் விளைவை இசையாகக் கேட்டதே சௌனிங்கின் பங்களிப்பு ஆகும். இவர் முதலில் செவியால் கேட்டார். கணிதத்தைப் பின்னரே பொறியாளரிடம் கேட்டறிந்தார்.

இயங்கும் முறை

இம்முறையில் இரண்டு சைன் அலைகள் போதும். ஒன்று ஊர்தி அலை. மற்றொன்று அதன் அதிர்வெண்ணை மாற்றும் பண்பேற்றும் அலை. இரண்டும் சேரும்போது ஊர்தி அலையின் இருபுறமும் பக்கப்பட்டைகள் எனப்படும் புதிய அதிர்வெண்கள் தோன்றுகின்றன. அவை பண்பேற்றும் அலையின் அதிர்வெண்ணைச் சம இடைவெளியாகக் கொண்டு அமையும். பூச்சியத்துக்குக் கீழே செல்லும் பட்டைகள் திரும்பி மடங்கி, நேர் எண்களாகவே கேட்கும்.

இவ்விரு அதிர்வெண்களுக்கும் இடையேயுள்ள விகிதமே ஒலியின் தன்மையை முடிவு செய்கின்றது. எடுத்துக்காட்டாக:

* இரண்டும் 400 ஹெர்ட்ஸ் எனில் 400, 800, 1200, 1600 என முழு எண் மடங்குகள் கிடைக்கும். இது சுருதி தெளிவான, காற்றுக்கருவியை ஒத்த ஒலி.
* ஊர்தி அலை 300, பண்பேற்றும் அலை 600 எனில் 300, 900, 1500 என ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் கிடைக்கும். இது கிளாரினெட்டின் ஒலியை நினைவூட்டும்.
* ஊர்தி அலை 200, பண்பேற்றும் அலை 280 எனில் 80, 200, 360, 480, 640, 760 எனச் சீரான அடுக்கில் அமையாத அதிர்வெண்கள் கிடைக்கும். மணியோசையில் கேட்பது இத்தகைய அமைப்பே. இவ்வொலியைத் தொடக்கத்தில் அடர்த்தியாகவும், பின்னர் மெல்லத் தேய்வதாகவும் அமைத்தால் கோயில் மணியின் ரீங்காரம் போன்று கேட்கும்.

எத்தனை பக்கப்பட்டைகள் வலுவுடன் ஒலிக்கும் என்பதைப் பண்பேற்றக் குறியெண் என்னும் மற்றோர் எண் கட்டுப்படுத்துகின்றது. அது பூச்சியமாயின் ஊர்தி அலை மட்டும் கேட்கும். அது உயர உயர ஒலி செறிவும் கூர்மையும் பெறும்.

பித்தளைக் கருவிகளின் ஒலி

பிரெஞ்சு இயற்பியலாளரும் இசையமைப்பாளருமான ஜான்-குளோட் ரிசே, 1960களின் நடுப்பகுதியில் பெல் ஆய்வுகூடத்தில் டிரம்பெட்டின் ஒலியைப் பகுத்தாய்ந்தார். ஒலி உரக்க எழும்போது அதன் மேற்சுரங்கள் கூடுதலாக வலுப்பெறுகின்றன என்பது அவர் கண்ட உண்மை. செவி டிரம்பெட்டை இனம்காண்பது இம்மாற்றத்தைக் கொண்டே. சௌனிங் தம் கண்டுபிடிப்பை ரிசேயிடம் விளக்கிக் காட்டியிருந்தார். ரிசேயும் தமது மியூட்டேசன்ஸ் (1969) என்னும் படைப்பில் அதனைக் கையாண்டார்.

1971 இல் சௌனிங் இவ்விரண்டு ஆய்வுகளையும் இணைத்தார். உரப்பு கூடும்போது பண்பேற்றக் குறியெண்ணும் உடன் கூடுமாறு அமைத்தார். அவ்வளவிலேயே பித்தளைக் கருவியின் ஒலி பிறந்தது. மேற்சுரம் ஒவ்வொன்றையும் தனித்தனியே கட்டும் பழைய முறைக்குப் பத்து, இருபது சைன் அலைகளும், அவற்றின் ஒவ்வொரு கணத்து அளவுகளும் வேண்டும். இங்கே இரண்டு அலைகளும் சில எண்களும் போதுமாயிருந்தன. கணிப்புத்திறன் அரிதாயிருந்த காலத்தில் இது பெரும் சிக்கனம் ஆகும். இம்முறையை விளக்கும் கட்டுரை 1973 செப்டம்பரில் ஒலிப்பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியானது. கணினி இசைத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளுள் இதுவும் ஒன்று.

காப்புரிமையும் பல்கலைக்கழகமும்

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் உரிமம் வழங்கும் அலுவலகம் இம்முறையைத் தொழில் நிறுவனங்களிடம் கொண்டு சென்றது. அமெரிக்காவின் மின்னணு ஆர்கன் உற்பத்தியாளர்கள் இதில் ஆர்வம் காட்டவில்லை. அவர்கள் மின்சுற்று முறையில் ஊறியவர்கள்; எண்களால் ஒலி படைப்பது அவர்களுக்கு அயலானது. சப்பானின் யமஹா நிறுவனமோ அப்பொழுதே எண்முறைத் தொழில்நுட்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது. அதன் பொறியாளர் சௌனிங்கின் விளக்கத்தைக் கேட்ட சில நிமிடங்களிலேயே அதன் பயனைப் புரிந்துகொண்டார். யமஹா உரிமம் பெற்றது. ஐக்கிய அமெரிக்கக் காப்புரிமை 1977 ஏப்ரலில் வழங்கப்பட்டது.

இதே காலப்பகுதியில், 1970களின் முற்பகுதியில், பல்கலைக்கழகம் சௌனிங்குக்கு நிரந்தர ஆசிரியர் பதவி வழங்க மறுத்தது. இசைத்துறையின் வழக்கமான அளவுகோல்கள் வாத்தியக்குழுவுக்கு எழுதப்பட்ட இசைப்படிகளையும் வரலாற்று ஆய்வுகளையும் கணக்கிட்டன. கணினி அறையில் இரவுகளைக் கழித்து ஒலிகளைத் தேடும் பணியை இசையமைப்பு என்பதா, பொறியியல் என்பதா என்னும் தெளிவு அவற்றில் இல்லை. சௌனிங் பதவியை இழந்து ஐரோப்பா சென்றார். யமஹாவின் ஆர்வம் வளர்ந்த நிலையில் பல்கலைக்கழகம் இவரை மீண்டும் அழைத்தது. 1975 இல் ஆய்வாளராகத் திரும்பிய இவர், பின்னர் பேராசிரியர் ஆனார்.

காப்புரிமை 1990களின் நடுப்பகுதியில் காலாவதியாகும் முன்னர், உரிமத் தொகையாகப் பல்கலைக்கழகத்துக்கு 2 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் கிடைத்தது. ஒரு காலகட்டத்தில் ஸ்டான்போர்டுக்கு மிகுந்த வருவாய் தந்த காப்புரிமைகளுள் இதுவும் ஒன்றாக இருந்தது. அவ்வரிசையில் மரபணு இணைப்புத் தொழில்நுட்பத்துக்கு அடுத்த நிலையில் ஓர் இசையமைப்பாளரின் கண்டுபிடிப்பு இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது.

டிஎக்ஸ்7

ஆய்வுகூடத்தில் இருந்த முறையைக் கடையில் விற்கும் கருவியாக்க யமஹாவுக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. சில்லுகளின் விலை குறைய வேண்டியிருந்தது. 1983 இல் வெளிவந்த டிஎக்ஸ்7 ஏறத்தாழ 2,000 டாலருக்கு விற்கப்பட்டது. ஒரே நேரத்தில் 16 சுரங்களை ஒலிக்க வல்லது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஆறு சைன் அலைகளை 32 விதமாக இணைக்கும் வசதி கொண்டது. 1,50,000க்கும் மேற்பட்ட கருவிகள் விற்பனையாயின. இதன் மின்பியானோ, மணி, பாஸ் ஒலிகள் 1980களின் மேற்கத்திய மக்களிசையில் எங்கும் கேட்டன.

பின்னர் இம்முறை சிறு சில்லுகளிலும் இடம்பெற்றது. 1980களின் இறுதியில் வந்த ஆட்லிப், சவுண்டு பிளாஸ்டர் ஆகிய கணினி ஒலியட்டைகளிலும், செகா மெகா டிரைவ் நிகழ்பட விளையாட்டுக் கருவியிலும் யமஹாவின் அதிர்வெண் பண்பேற்றச் சில்லுகளே இருந்தன. 2000களின் தொடக்கத்தில் பல கைபேசிகளின் அழைப்பொலிகளும் இவ்வாறே பிறந்தன.

இசை ஆய்வு மையம்

1975 இல் சௌனிங், லீலண்ட் ஸ்மித், ஜான் கிரே, ஜேம்ஸ் மூரர், லோரன் ரஷ் ஆகியோர் இணைந்து, இசைக்கும் ஒலியியலுக்குமான கணினி ஆய்வு மையத்தை ஸ்டான்போர்டில் நிறுவினர். இதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துக் "கர்மா" என ஒலிப்பது வழக்கம். தொடக்கத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தின் கட்டடத்திலேயே இயங்கிய இம்மையம், 1986 இல் நோல் எனப்படும் கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. முன்னாளில் பல்கலைக்கழகத் தலைவரின் இல்லமாக இருந்த கட்டடம் இது.

உரிமத் தொகையின் ஒரு பகுதி இம்மையத்தின் வளர்ச்சிக்குப் பயன்பட்டது. இசையமைப்பாளர்கள், பொறியாளர்கள், உளவியலாளர்கள் ஆகியோர் ஒரே கூரையின் கீழ்ப் பணியாற்றுவது இதன் சிறப்பாகும். பாரிசில் பியேர் பூலே நிறுவிய இர்காம் என்னும் இசை ஆய்வு நிறுவனம் திட்டமிடப்பட்டபோது, ஸ்டான்போர்டின் பட்டறிவு அதற்குப் பயன்பட்டது. சௌனிங் 1996 இல் ஓய்வு பெறும்வரை ஸ்டான்போர்டில் பணியாற்றினார்.

இசைப்படைப்புகள்

சௌனிங் எழுதிய படைப்புகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஒவ்வொன்றும் ஓர் ஆய்வு வினாவுடன் பிணைந்தது.

டுரெனாஸ் (1972)

"இயற்கைகள்" எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை மாற்றி அடுக்கியதால் பிறந்த பெயர் இது. நான்கு ஒலித்தடங்களுக்காக அமைக்கப்பட்டது. ஏறத்தாழப் பத்து நிமிடங்கள் நீடிப்பது. நகரும் ஒலிகள் பற்றிய ஆய்வும் அதிர்வெண் பண்பேற்ற முறையும் இதில் ஒன்றுசேர்கின்றன. பூச்சிகளின் ஒலி போன்றவையும் தாளக்கருவிகளின் ஒலி போன்றவையும் கேட்போரைச் சுற்றி வளைகோடுகளில் பறக்கின்றன. ஒலியின் நாதப்பண்பு மாறும்போதும் அதன் பாதை அறுபடாமல் தொடர்வதைச் செவியால் பின்பற்ற முடிகின்றது.

ஸ்ட்ரியா (1977)

இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பெரியோவின் அழைப்பின் பேரில் இர்காம் நிறுவனத்துக்காக எழுதப்பட்டது. 1977 அக்டோபரில் பாரிசின் பொம்பிடு மையத்தில் முதன்முறையாக ஒலித்தது. இப்படைப்பு முழுவதும் 1.618 என்னும் பொன் விகிதத்தின் மேல் கட்டப்பட்டுள்ளது.

வழக்கமான இசையில் ஒரு சுரத்தின் மேல் ஸ்தாயி அதன் இரு மடங்கு அதிர்வெண்ணில் அமையும். ஸ்ட்ரியாவில் இரண்டு மடங்குக்குப் பதில் 1.618 மடங்கு ஸ்தாயியாகக் கொள்ளப்படுகின்றது. இந்தப் புதிய ஸ்தாயி 18 பகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஊர்தி அலைக்கும் பண்பேற்றும் அலைக்கும் இடையேயுள்ள விகிதமும் 1.618 ஆகும்.

இத்தெரிவின் நுட்பம் ஓர் எளிய கணக்கில் விளங்கும். ஊர்தி அலை 1000 ஹெர்ட்ஸ், பண்பேற்றும் அலை 1618 ஹெர்ட்ஸ் எனக் கொள்வோம். முதற் பக்கப்பட்டைகள் 2618, 618 ஆகும். 1000ஐ 1.618 ஆல் வகுத்தால் 618; இருமுறை பெருக்கினால் 2618. அதாவது ஒலியின் உள்ளே தோன்றும் பட்டைகள், சுரவரிசையின் ஸ்தாயிகளோடு பொருந்தி அமைகின்றன. வழக்கமாகச் சீரற்ற அதிர்வெண்கள் கரகரப்பாகவும் முரணாகவும் ஒலிக்கும். இங்கே அவை ஒன்றோடொன்று இயைந்து அமைதியாக ஒலிக்கின்றன. நாதப்பண்பும் சுரவரிசையும் ஒரே எண்ணிலிருந்து பிறப்பது, இயற்கைக் கருவிகளால் இயலாத ஒன்றாகும்.

ஃபோனே (1981)

மனிதக் குரலைக் கணினியில் ஆக்கும் முயற்சியில் பிறந்தது. பல சைன் அலைகள் சேர்ந்து ஒலிக்கும்போது அவை குரலாகக் கேட்பதில்லை. அவை அனைத்துக்கும் ஒரே விதமான நுண்ணிய அசைவைக் கொடுத்தவுடன் அவை ஒன்றிணைந்து, ஒருவர் பாடுவதுபோல் ஒலிக்கின்றன. மணியோசை குரலாக மாறுவதையும் குரல் மணியோசையாக மாறுவதையும் இதில் கேட்கலாம். அசைவை மிகைப்படுத்திப் பண்பேற்ற முறையைக் கண்டறிந்தவர், அதே அசைவின் இயல்பான அளவுக்குத் திரும்பி மற்றோர் உண்மையைக் கண்டது குறிப்பிடத்தக்கது.

வாய்சஸ் (2005)

ஒரு பெண் பாடகருக்கும் அவருடைய குரலைக் கேட்டு உடனுக்குடன் இயங்கும் கணினிக்குமாக எழுதப்பட்டது. பண்டைக் கிரேக்கத்தின் டெல்பி கோயிலில் குறி சொன்ன பித்தியா என்னும் பெண் பூசாரியைக் கருவாகக் கொண்டது. சௌனிங்கின் துணைவியாரும் பாடகியுமான மொரீன் சௌனிங் இதனைப் பாடினார். காத்திருந்து கேட்க வேண்டிய நிலையிலிருந்து, பாடும்போதே கணினி மறுமொழி தரும் நிலைக்கு இத்துறை வந்தடைந்ததை இப்படைப்பு காட்டுகின்றது.

குறைபாடுகளும் விமர்சனங்களும்

அதிர்வெண் பண்பேற்ற முறையில் ஓர் எண்ணைச் சிறிது மாற்றினாலும் ஒலி பெரிதும் மாறக்கூடும். விரும்பும் ஒலிக்கு எந்த எண் வேண்டும் என்பதை முன்கூட்டி ஊகிப்பது கடினம். எனவே டிஎக்ஸ்7 வாங்கியவர்களுள் பெரும்பாலோர் புதிய ஒலிகளை உருவாக்கவில்லை. கருவியோடு வந்த ஒலிகளையே பயன்படுத்தினர். புத்தொலிகளைத் தேடும் பயணத்தில் பிறந்த முறை, எல்லாப் பாடல்களிலும் ஒரே ஒலி கேட்பதற்கும் காரணமாயிற்று. நினைவகம் மலிவானபோது, உண்மைக் கருவிகளின் ஒலிப்பதிவைக் கொண்டு இயங்கும் கருவிகள் 1980களின் இறுதியில் செல்வாக்குப் பெற்றன.

மற்றொரு சிக்கல் படைப்புகளைப் பேணுவது பற்றியது. கணினியில் பிறந்த இசைக்குத் தாளில் எழுதிய இசைப்படி இல்லை. நிரலும் தரவுகளுமே அதன் மூலப்படி. அவற்றை இயக்கிய பொறி மறைந்துவிட்டால், எஞ்சுவது ஒலிப்பதிவு மட்டுமே. ஸ்ட்ரியாவின் நிரல் ஸ்டான்போர்டு ஆய்வுகூடத்துக்கே உரிய செயில் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதன் ஒலிப்பதிவுகளும் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தன. ஆய்வாளர்கள் பழைய நிரலைப் படித்துப் படைப்பை மீட்டுருவாக்கினர். அம்முயற்சிகளைக் கம்ப்யூட்டர் மியூசிக் ஜர்னல் 2007 இல் கட்டுரைகளாக வெளியிட்டது. நூற்றாண்டுகளுக்கு முந்தைய இசைப்படிகளை இன்றும் வாசிக்க முடிகின்றது. முப்பது ஆண்டுகள் மட்டுமே பழைமையான படைப்புக்கு இத்தகைய அகழ்வு தேவைப்பட்டது இத்துறையின் நிலையாமையைக் காட்டுகின்றது.

சிறப்புகள்

சௌனிங் 1988 இல் அமெரிக்கக் கலை அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1990 இல் விட்டன்பெர்க் பல்கலைக்கழகம் இவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. 1995 இல் பிரான்சு அரசு கலை இலக்கியத்துக்கான விருது அளித்துச் சிறப்பித்தது.

முக்கியத்துவம்

சௌனிங்கின் பெயரை அறியாதோரும் அவருடைய கண்டுபிடிப்பைக் கேட்டிருப்பர். அதேவேளை, அக்கண்டுபிடிப்புக்குக் காரணமான டுரெனாசையும் ஸ்ட்ரியாவையும் கேட்டோர் மிகச் சிலரே. இவரைப் பொறுத்தவரை கருவி வேறு, இசை வேறு அன்று. எந்த ஒலி உயிருள்ளதாகத் தோன்றுகின்றது, ஏன் தோன்றுகின்றது என்னும் வினா இரண்டுக்கும் பொதுவானது. அவ்வினாவுக்கு விடை தேடப் பல்கலைக்கழகம் இவருக்குக் கணினியும் இரவு நேரமும் உடன் உரையாடப் பலதுறை அறிஞர்களையும் தந்தது. அத்தேடலை இசைப்பணியாக ஏற்பதற்கு அதே பல்கலைக்கழகத்துக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் இசையமைப்பும் நிரலாக்கமும் ஒலியியலும் ஒரே பாடத்திட்டத்தில் கற்பிக்கப்படுவதற்கு ஸ்டான்போர்டு மையம் ஒரு முன்மாதிரியாக அமைந்தது.